பேக்ஸ்ட்ரோக்கிலிருந்து செய்ன் ஆறு வரை: நீச்சலில் பன்முகத்திறன் என்பது என்ன?

2011ஆம் ஆண்டு ஷாங்காயில் நடந்த உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பில், பெண்களுக்கான 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் பிரிவில் 17 வயதான நெதர்லாந்து வீராங்கனை ஒருவர் வெண்கலப் பதக்கம் பெற்றார். அவர் பெயர் ஷரோன் வான் ரௌவென்டால். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்ட் 8 அன்று காலையில், அதே ஷரோன் பாரிஸ் நகரின் நடுவே ஓடும் செய்ன் ஆற்றில் 10 கிலோமீட்டர் நீந்தி ஒலிம்பிக் தங்கம் வென்றார். முதல் போட்டி மல்லாந்து நீந்துவது. கோடு போட்ட தடத்தில், அசையாத நீரில் நடப்பது. இரண்டு நிமிடம் எட்டு வினாடிக்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது போட்டியோ தடமே இல்லாத ஆற்றில், நீரோட்டத்தை எதிர்த்தும் அதனுடன் சேர்ந்தும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. இவ்வளவு தொலைவில் இருக்கும் இரண்டு போட்டிகளிலும் ஒருவரே உலகத் தரத்தில் நிற்க முடிந்தது எப்படி என்று விளங்கிக்கொண்டால், நீச்சலில் பன்முகத்திறன் என்று சொல்லப்படுவது என்ன என்பதும் விளங்கிவிடும்.

போட்டி நீச்சலைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக அடிப்படையிலிருந்தே தொடங்கலாம். குளத்தில் நான்கு பாணிகள் உண்டு. குப்புறக் கிடந்து கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்துவதை நாம் ஃப்ரீஸ்டைல் என்கிறோம். விதிப்படி அந்தப் பிரிவில் எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம், ஆனால் அதைவிட வேகமான பாணி வேறில்லை என்பதால் எல்லோரும் அப்படியே நீந்துகிறார்கள். மல்லாந்து நீந்துவது பேக்ஸ்ட்ரோக். இரு கைகளையும் ஒருசேர மார்புக்கு முன்னே வளைத்து இழுத்து, கால்களைத் தவளை போல் உதைப்பது பிரெஸ்ட்ஸ்ட்ரோக். இரு கைகளையும் ஒன்றாக நீருக்கு மேலே வீசி, உடலை அலைபோல் வளைத்துச் செல்வது பட்டர்ஃபிளை. ஒரே நபர் இந்த நான்கையும் வரிசையாக நீந்தும் போட்டிக்குத் தனிநபர் மெட்லி என்று பெயர். அதில் பட்டர்ஃபிளை முதலிலும் ஃப்ரீஸ்டைல் கடைசியிலும் வரும்.

ஒருவரைப் பன்முக நீச்சல் வீரர் என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த மெட்லி வீரர்களைத்தான் நினைத்துக்கொள்கிறோம். நெதர்லாந்தில் அப்படிப்பட்டவர் மார்செல் வௌடா. 1998இல் பெர்த் நகரில் 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் உலகச் சாம்பியன் ஆனார். ஆனால் பாணிகளை மாற்றுவது பன்முகத்திறனின் ஒரு வகை மட்டுமே. தொலைவை மாற்றுவது இன்னொரு வகை: 100 மீட்டரில் வெல்பவர் 400 மீட்டரிலும் வெல்வது அரிது, 1,500 மீட்டரில் வெல்வது அதனினும் அரிது. நீரையே மாற்றுவது மூன்றாவது வகை. குளத்தை விட்டுக் கடலுக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் போவது. சிட்னியில் 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலும் 100 மீட்டர் பட்டர்ஃபிளையிலும் தங்கம் வென்ற இங்கெ டி பிரைன், பாணியைத் தாண்டினார். தொலைவைத் தாண்டவில்லை, எல்லாமே ஒரு நிமிடத்துக்குள் முடியும் போட்டிகள். அது குறையன்று. ஆனால் ஷரோனின் விளையாட்டு வாழ்க்கையைப் பாடமாக எடுத்துக்கொள்ளக் காரணம், அவர் மூன்று எல்லைகளையுமே தாண்டினார் என்பதுதான்.

பேக்ஸ்ட்ரோக் வீராங்கனை நெடுந்தூர ஃப்ரீஸ்டைலுக்கு மாறினார் என்று கேட்டால் தலைகீழ் மாற்றமாகத் தோன்றும். நெருங்கிப் பார்த்தால் அப்படி இல்லை. பயிற்சியாளர்கள் நான்கு பாணிகளையும் இரண்டு குடும்பங்களாகப் பிரிப்பதுண்டு. பட்டர்ஃபிளையிலும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் உடல் இடுப்பருகே மடிந்து நிமிர்ந்து, மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. ஃப்ரீஸ்டைலிலும் பேக்ஸ்ட்ரோக்கிலும் அப்படியன்று. தலையிலிருந்து கால் வரை செல்லும் ஒரு கற்பனைக் கோட்டைச் சுற்றி உடல் இடமும் வலமும் உருள்கிறது. ஒரு தோள் மேலே வரும்போது மற்றத் தோள் நீருக்குள் இறங்குகிறது. கை நீரைப் பிடித்து இழுப்பதற்கான வலு, தோளில் இருந்து மட்டுமல்லாமல் இந்த உருளலில் இருந்தும் கிடைக்கிறது. முகம் வானத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா என்பது மட்டுமே பெரிய வேறுபாடு. ஆகவே ஒன்றில் தேர்ந்தவருக்கு மற்றதில் உடல் பாதி வழி முன்பே பழகியிருக்கும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததன்று. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ரோட்டர்டாமைச் சேர்ந்த ரீ மாஸ்டன்புரூக் 100 மீட்டர், 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலும் ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சலிலும் தங்கம் வென்றதோடு, 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் வெள்ளியும் பெற்றார். அவரை அந்தப் பேக்ஸ்ட்ரோக்கில் முந்திய நீடா செனஃப்பும் நெதர்லாந்துக்காரரே.

இரண்டாவது ஒற்றுமை மூச்சில் இருக்கிறது. 50 மீட்டர் நீச்சல் போல் அரை நிமிடத்துக்குள் முடியும் போட்டியில், தசைகளில் ஏற்கெனவே சேமித்திருக்கும் ஆற்றலே பெரும்பாலும் செலவாகிறது. மூச்சின் வழி வரும் ஆக்ஸிஜன் வேலை தொடங்கி வேகம் பிடிப்பதற்குள் போட்டியே முடிந்துவிடும். இரண்டு நிமிடத்தை நெருங்கும் போட்டியில் நிலைமை மாறுகிறது. அங்கே செலவாகும் ஆற்றலில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ ஆக்ஸிஜனைக் கொண்டு உண்டாக்கப்படுவது. நான்கு நிமிடம் ஆகும் 400 மீட்டரில் அந்தப் பங்கு இன்னும் கூடும். இரண்டு மணி நேரப் போட்டியில் கிட்டத்தட்ட எல்லாமே அதுதான். எனவே 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் உலக மேடை ஏறிய ஒருவருக்கு இதயம், நுரையீரல், இரத்த ஓட்டம் ஆகியவை முன்பே நெடுந்தூரத்துக்கு ஏற்றவையாக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. 50 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் மட்டும் சிறந்த ஒருவர் இந்த வழியில் போயிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். ஷாங்காயில் ஷரோன் எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 7.78 வினாடி; அதாவது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 64 வினாடி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கோபகபானா கடற்கரையை ஒட்டிய 10 கிலோமீட்டர் போட்டியை அவர் 1 மணி 56 நிமிடம் 32.1 வினாடியில் முடித்துத் தங்கம் வென்றார். அதை நூறாகப் பகுத்தால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 70 வினாடி வருகிறது. பேக்ஸ்ட்ரோக்கைவிட ஃப்ரீஸ்டைல் வேகமான பாணி என்பதையும், கடலில் நீரோட்டம் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தாலும், உலக வெண்கலம் வாங்கித் தந்த குறுந்தூர வேகத்தைவிட ஆறு வினாடியே மெதுவாக, நிற்காமல், நூறு முறை நீந்தியிருக்கிறார். திறந்தநீர் நீச்சல் என்றாலே மெதுவாக மிதந்து போவது என்று எண்ணுகிறவர்கள் அருகில் உள்ள குளத்தில் ஒரே ஒரு 100 மீட்டரை 70 வினாடியில் நீந்திப் பார்க்கலாம். வழக்கமாக நீச்சல் பழகும் பெரும்பாலானோருக்கு அந்த ஒன்றே முடியாது.

பழைய போட்டியிலிருந்து எடுத்துச்செல்ல முடியாதவையும் உண்டு. குளத்து நீச்சலில் சுவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 50 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் நீந்துபவர் மூன்று முறை சுவரில் திரும்புகிறார். ஒவ்வொரு முறையும் காலால் சுவரை உதைத்து, அதிகபட்சம் 15 மீட்டர் வரை நீருக்கடியில் உடலை நெளித்துச் செல்கிறார். அந்தச் சில வினாடிகளில்தான் அவர் வேகம் உச்சத்தில் இருக்கும். பேக்ஸ்ட்ரோக்கில் சுவர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குளத்துக்குக் குறுக்கே கொடிகள் கட்டியிருப்பார்கள். கொடியைக் கடந்ததும் எத்தனை கைவீச்சில் சுவர் வரும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணி மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய இந்த நுட்பங்கள் எவையும் கடலில் உதவா. அங்கே சுவரும் இல்லை, கொடியும் இல்லை, அடியில் கறுப்புக் கோடும் இல்லை.

அதற்குப் பதில் வேறு கலைகள் வேண்டும். முதலாவது, வழி பார்ப்பது. சில கைவீச்சுக்கு ஒருமுறை கண்களை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து, அடுத்த மிதவை எங்கே என்று பார்த்துவிட்டு உடனே தலையைத் தாழ்த்த வேண்டும். தலை உயர்ந்தால் இடுப்பு தாழும், வேகம் போய்விடும். பார்க்காமலே நீந்தினால் வழி தவறிக் கூடுதல் தூரம் நீந்த நேரும். இரண்டாவது, பிறருக்குப் பின்னால் ஒட்டி நீந்துவது. முன்னே போகிறவர் நீரைப் பிளந்து செல்வதால் அவர் கால்மாட்டிலோ இடுப்போரமாகவோ நீந்துகிறவருக்கு எதிர்ப்பு குறைகிறது. அதே வேகத்துக்குக் குறைந்த ஆற்றலே செலவாகிறது. ஆகவேதான் இந்தப் போட்டிகளில் முன்னணியில் இருப்பவர் எப்போதும் நன்மை பெறுகிறவர் அல்லர். பிறருக்காக உழைத்துக் கொடுப்பவராகவும் அவர் இருக்கலாம். மூன்றாவது, நீரிலேயே குடிப்பது. பயிற்சியாளர்கள் மிதவைமேடையில் நின்று நீண்ட கழியின் நுனியில் கோப்பையை வைத்து நீட்டுவார்கள். நீந்துகிறவர் அதை எடுத்து, ஒரு கணம் மல்லாந்து, வாயில் ஊற்றிக்கொண்டு மறுபடி குப்புறத் திரும்புவார். முன்னாள் பேக்ஸ்ட்ரோக் வீராங்கனைக்கு அந்த ஒரு கணமாவது சொந்த ஊர் போல் இருந்திருக்கும்.

இந்தக் கலைகளை ஷரோன் கற்றது பிரான்சில், நார்போன் நகரில், ஃபிலிப் லூகாஸ் என்ற பயிற்சியாளரிடம். ஏதென்ஸில் 2004ஆம் ஆண்டு 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் வென்ற லோர் மனாடூவை உருவாக்கியவர் லூகாஸ். நாள்தோறும் மிக நீண்ட தூரம் நீந்தவைக்கும் கடுமைக்குப் பெயர்பெற்றவர். 2014இல் பெர்லினில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் ஷரோன் 10 கிலோமீட்டர் தங்கம் வென்றபோது, அவருடைய புதிய வழி உறுதியாயிற்று.

ஆனால் அவருடைய வாழ்க்கையில் பன்முகத்திறனை மிகத் தெளிவாகக் காட்டுவது தங்கம் எதுவுமே கிடைக்காத ஒரு போட்டித்தொடர் என்பது என் கருத்து. 2015இல் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், முதலில் ஆற்றில் 10 கிலோமீட்டர் நீந்தி, பிரான்சின் ஒரேலி முல்லருக்கு அடுத்து வெள்ளி பெற்றார். அது முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள் குளத்துக்கு வந்து 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் மறுபடி வெள்ளி பெற்றார். அங்கே அவருக்கு முன்னால் முடித்தவர் அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி ஒருவரே. லெடெக்கி 3 நிமிடம் 59.13 வினாடியிலும் ஷரோன் 4 நிமிடம் 3.02 வினாடியிலும் முடித்தார்கள். 10 கிலோமீட்டருக்கு உடலைப் பழக்கியவர்கள் பொதுவாகக் குறுந்தூர வேகத்தை இழந்துவிடுவார்கள். நாள்தோறும் நீண்ட தூரம் ஒரே சீரான வேகத்தில் நீந்திப் பழகிய தசைக்கு, நான்கு நிமிடத்தில் முழுவலுவையும் கொட்டித் தீர்ப்பது எளிதன்று. ஒரே வாரத்தில் இரண்டையும் செய்தது, ஏதோ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினார் என்பதைவிடப் பெரிய செய்தி.

அந்த வேகம் கடலிலும் வீண்போகவில்லை. ரியோ போட்டியின் முடிவைப் பார்த்தால் தெரியும். திறந்தநீர்ப் போட்டியில் முடிவுக்கோடு என்பது நீருக்கு மேலே நிறுத்திய ஒரு பலகை. கையை உயர்த்தி அதை அடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் நீந்திய பின்பும் பலர் ஒரே நேரத்தில் அந்தப் பலகையின் முன் குவிவது வழக்கம், கைகலப்புக்குக் குறைவிருக்காது. ரியோவில் ஷரோன் கடைசிக் கட்டத்தில் கூட்டத்தை உதறிவிட்டு, அடுத்தவரைவிட 17 வினாடிக்கு மேல் முன்னதாகப் பலகையைத் தொட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் நடந்ததுதான் குழப்பம். லூகாஸிடமே பயின்ற முல்லரும் இத்தாலியின் ரக்கேலே புரூனியும் ஒன்றாகப் பலகையை எட்ட, முல்லர் புரூனியின் மேல் ஏறி அவரை நீருக்குள் அழுத்திவிட்டார் என்று நடுவர்கள் தீர்ப்பளித்து முல்லரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். வெள்ளி புரூனிக்கும் வெண்கலம் பிரேசிலின் போலியானா ஒகிமோட்டோவுக்கும் போயிற்று. 17 வினாடி என்ற இடைவெளி வெறும் அழகுக்கு அன்று என்பது இப்போது புரியும். அந்த நெரிசலில் சிக்காமல் இருப்பதற்கான காப்பு அது. மறுநாள் ஆண்கள் போட்டியிலும் நெதர்லாந்தின் ஃபெர்ரி வேர்ட்மன் தங்கம் வென்றார்.

திறந்தநீரிலேயே தொலைவுகள் பல உண்டு. 2018இல் ஸ்காட்லாந்தின் லோமண்ட் ஏரியில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர், கலப்புக் குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற ஷரோன், 25 கிலோமீட்டரில் இத்தாலியின் அரியன்னா பிரிடியிடம் மயிரிழையில் தங்கத்தை இழந்து வெள்ளி பெற்றார். ஒரு மணி நேரப் போட்டியும் ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட போட்டியும் ஒரே தொடருக்குள்!

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நிலைமை வேறு. ஒடைபா கடற்பூங்காவில் நீர் வெதுவெதுப்பாக இருந்தது; வெயிலுக்கு அஞ்சிப் போட்டியைக் காலை ஆறரை மணிக்கே தொடங்கினார்கள். திறந்தநீர் விதிகளின்படி நீரின் வெப்பநிலை 16 டிகிரிக்குக் குறையவும் கூடாது, 31 டிகிரியைத் தாண்டவும் கூடாது. பிரேசிலின் அனா மார்சேலா குன்யா 1 மணி 59 நிமிடம் 30.8 வினாடியில் முடிக்க, ஷரோன் 0.9 வினாடி பின்தங்கி வெள்ளி பெற்றார். இரண்டு மணி நேரம் நீந்திவிட்டு ஒரு வினாடிக்கும் குறைவில் தோற்பது குரூரமாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் போட்டியின் இயல்பே அதுதான்: பிறருக்குப் பின்னால் ஒட்டி நீந்துவது எளிது என்பதால் முன்னணிக் கூட்டம் கடைசி வரை கலையாது, முடிவு ஒரு குறுந்தூர ஓட்டமாகவே அமைந்துவிடும். நெடுந்தூர வீரருக்குக் குறுந்தூர வேகம் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நேரான விடை கிடையாது. அந்த வேளையில் ஷரோன் லூகாஸை விட்டு ஜெர்மனியின் மாக்டெபுர்கில் பெர்ன்ட் பெர்க்ஹானிடம் பயின்றுவந்தார். அதே குழுவில் பயின்ற ஃபுளோரியான் வெல்புரோக், டோக்கியோவில் குளத்து 1,500 மீட்டரில் வெண்கலமும் கடலில் 10 கிலோமீட்டர் தங்கமும் பெற்றவர்.

2022இல் புடாபெஸ்டில் 10 கிலோமீட்டர் உலகப் பட்டம், 2024 பிப்ரவரியில் தோஹாவில் 10 கிலோமீட்டரிலும் 5 கிலோமீட்டரிலும் மறுபடி உலகப் பட்டங்கள். பிறகு பாரிஸ்.

செய்ன் போட்டிக்கு முன்னால் உலகம் பேசியதெல்லாம் ஆற்றின் தூய்மையைப் பற்றித்தான். நீந்துகிறவர்களுக்கு அதற்கு நிகரான கவலை நீரோட்டம். மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்தருகே தொடங்கிய பாதையை ஆறு முறை சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பாதித் தூரம் ஓட்டத்தோடு, பாதித் தூரம் ஓட்டத்துக்கு எதிரே. ஆற்றின் நடுவில் நீர் விரைந்து ஓடும், கரையோரத்தில் சற்றுத் தணியும். எனவே எதிர்த்து நீந்தும்போது எல்லோரும் கற்சுவரை உரசுவது போல் ஒதுங்கிச் சென்றார்கள். ஒருவர் பின் ஒருவராக நீளும் அந்த வரிசையில் முந்துவதற்கு நடு ஆற்றுக்கு வர வேண்டும், அதற்குத் தனி விலை உண்டு. ஆஸ்திரேலியாவின் மோஷா ஜான்சன் பெரும்பகுதியும் முன்னே நீந்தினார். ஷரோன் அவரை விடாமல் ஒட்டியே இருந்து, கடைசிச் சுற்றில் முந்தி, 2 மணி 3 நிமிடம் 34.2 வினாடியில் பலகையைத் தொட்டார், ஜான்சன் 5.5 வினாடி பின்னால் வந்தார். ஒலிம்பிக் 10 கிலோமீட்டரில் இரண்டு தங்கம் பெற்ற முதல் நபர் ஷரோன். அந்த மே மாதத்தில் இறந்துபோன தம் செல்ல நாய்க்கு அவர் இந்த வெற்றியைக் காணிக்கையாக்கினார். நாயின் பெயர் ரியோ.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரிஸில் வென்ற ஷரோன் பேக்ஸ்ட்ரோக் வீராங்கனையாக இல்லை. அதை விட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. எல்லாவற்றையும் ஒரே காலத்தில் கையில் வைத்திருப்பதுதான் பன்முகத்திறன் என்று எடுத்துக்கொண்டால் அவருக்கு அந்தப் பெயர் முழுமையாகப் பொருந்தாது. அந்தப் பொருளில் துனீசியாவின் ஒசாமா மெல்லூலியைத்தான் சொல்ல வேண்டும். அவர் 2008 பெய்ஜிங்கில் குளத்து 1,500 மீட்டரிலும் 2012 லண்டனில் 10 கிலோமீட்டரிலும் தங்கம் வென்றார், அதே லண்டனில் 1,500 மீட்டரில் வெண்கலமும் பெற்றார். ஷரோனுடையது வேறு வகை: ஒன்றில் வளர்த்த உடல்வலுவை அடுத்ததன் முதலீடாக்கி, ஒவ்வொரு முறையும் எதையாவது கைவிட்டு நகர்வது. பயிற்சி நேரத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதால் பெரும்பாலான வீரர்களுக்கு நடைமுறையில் கைகூடுவதும் இந்த இரண்டாவது வகைதான்.

இந்த வகை நகர்வு நீந்துகிறவர்களோடு முடிந்துவிடுவதும் இல்லை. முன்னே குறிப்பிட்ட மெட்லி சாம்பியன் மார்செல் வௌடா, ஓய்வுக்குப் பின் பயிற்சியாளர் ஆனார். இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு 2008இல் ஒலிம்பிக்கின் முதல் ஆண்கள் 10 கிலோமீட்டர் தங்கத்தை வென்ற மார்டன் வான் டெர் வைடனுக்கும், ரியோவில் வென்ற வேர்ட்மனுக்கும் பயிற்சி அளித்தவர் அவரே. 200 மீட்டரில் நான்கு பாணிகளை நீந்தியவர், ஒரே பாணியில் 10 கிலோமீட்டர் நீந்த இருவரைத் தயார்செய்தார்.